உதைத்தால் நகராத கல்

கருவாட்டு வாசனை வந்தால் எனக்குக் கருங்கல் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டில் நெத்திலியை வறுக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் எழுந்துபோய் இன்னும் அகலமாகத் திறக்கிறேன். வாசனை உள்ளே வருகிறது. அதன் பின்னாலேயே ஒரு வரிசை வருகிறது. வரிசையில் பாதிப் பேர் மனிதர்கள் அல்லர். அரைச் செங்கல், ஒற்றைச் செருப்பு, ஒரு ஹெல்மெட், மூடி இல்லாத தண்ணீர் கேன், நடுவே ஒரு கருங்கல். பிறகு அந்தக் கல்லின் இடத்தில் நான்.

எங்கள் துறையில் பொறியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கம்பி கட்டுவது பற்றியும் கலவை விகிதம் பற்றியும் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடுகள் உண்டு; அவை என்னைவிடப் பொறுமையானவை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பவள் நான், ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாத ஜென்மம். அப்படிப்பட்டவள் ஒரு முற்பகலில் நகராமல் ஒரே இடத்தில் நின்ற கதையைத்தான் சொல்கிறேன்.

ராயபுரத்தில், துறைமுக லாரிகள் முனகிக்கொண்டு திரும்பும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய அரசுக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர். உப்புக்காற்றைக் குடித்துக் குடித்து அதன் தோல் உரிந்திருந்தது. கை வைத்தால் மாவு ஒட்டும். முன்பகுதியை இடிக்காமல் பழுதுபார்க்க வேண்டும், பின்பக்கம் இரண்டு மாடியில் புதுக் கட்டடம் எழுப்பி அதோடு சேர்க்க வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு நாள்கூட அலுவலகத்தை மூடக் கூடாது என்றார்கள். சாதி, வருமானம், வாரிசு என்று ஊருக்கே சான்றிதழ் கொடுக்கிற இடம் அது. ஒருவர் நடந்துகொண்டே இருக்க, அவருக்கு இடுப்பு எலும்பை மாற்றுவது போன்ற வேலை.

ஒரே ஒரு கவுண்ட்டர்தான் இயங்கியது. அதன் முன்னால் முற்றத்தில் வரிசை. விடியும் முன்பே வருவார்கள். வந்து நிற்கமாட்டார்கள், கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பது மாதிரி, சான்றிதழுக்குக் கல். மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவர், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியவர், எல்லோருக்கும் பதிலாகக் கற்கள் பொறுமையாக நிற்கும். முன்பெல்லாம் கல் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்களாம். நாங்கள் இடிக்கத் தொடங்கியதும் அவர்களுக்குப் பொற்காலம். உடைந்த ஓடு, செங்கல், தேக்குத் துண்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருந்த ஆறு கனசதுரக் கட்டிகளைக் காணோம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியவை. தேடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால் ஆறும் வரிசையில் நிற்கின்றன, முதுகில் நான் எழுதிய தேதியோடு. ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “இன்னா மேடம், நெம்பரெல்லாம் போட்டே குட்துகீறீங்கோ, நல்ல ஏற்பாடு” என்று பாராட்டினார். டோக்கன் என்று நினைத்துவிட்டார். பாராட்டை வாங்கிக்கொண்டு கட்டிகளை எடுத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டு மறுபடியும் வரிசையில் நின்றன.

இந்த வரிசையை நான் ஒரு தொல்லையாக மட்டுமே பார்த்துவந்தேன். என் வரைபடத்தில் அது கிடையாது. வரைபடத்தில் இருந்தது காத்திருப்போர் கூடம், அதில் இருக்கைகள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். மறுநாள் காலை அமைச்சர் வருகிறார். புதுக் கல்வெட்டு வாசலின் இடப்பக்கம் பதித்தாயிற்று. வலப்பக்கம், அந்தக் காலத்தில் யாரோ ஒரு துரை கட்டடத்தைத் திறந்துவைத்தபோது பதித்த பழைய கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். சுவரைப் பிரிக்கும்போது கழற்றி, சாக்கில் சுற்றி, காவலாளி கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தோம். கொத்தனார் சாந்து குழைத்துவிட்டுக் கல்லை எடுக்கப் போனார். சாக்கு இருந்தது. கல் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வைப் பொறியாளரின் ஜீப் உள்ளே நுழைந்தது. அவரை நாங்கள் பெரிய சார் என்போம். உருவமும் அப்படித்தான். முற்றத்துக்கு வந்து நின்றார். வரிசையில் கிடந்த ஏதோ ஒன்றின் மேல் ஏறி நின்றார். உயரத்திலிருந்து திட்டுவது அவருக்குப் பிடிக்கும்.

“ஒரு கல்லும்மா. ஒரே ஒரு கல்லு. எத்தனையோ காலமா ஒரே இடத்துல இருந்துது. புயல் வந்துது, வெள்ளம் வந்துது, நகரல. உங்க கையில குடுத்தோம், நடந்து போயிடுச்சு. கால் முளைச்சுதா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஷூவால் கீழே ஒரு தட்டு. “இந்த வளாகத்துல எங்க இருக்கு அந்தக் கல்லு? சொல்லுங்க, எங்க இருக்கு?”

மதில் ஓரத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், இடுப்பில் சொருகிய சேலை.

“யோவ் ஷூ! எறங்குயா கீழ! என் எடத்து மேல ஏறி நின்னுகினு யாராண்ட கூவிகினு கீற நீ?”

முற்றம் சிரித்தது. பெரிய சார் சட்டென்று இறங்கி, கல்லைப் பார்த்து “ஸாரி” என்றார். நானும் கல்லைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட கருங்கல். அதன் முதுகில், நான்கு மூலையிலும் ஈயம் உருக்கி ஊற்றிய குழிகள். பழைய காலத்தில் சுவரோடு இரும்புக் கொக்கியால் பிணைத்த தழும்பு. அந்தக் கொக்கிகளை அறுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான்.

நாங்கள் தேடிய கல் அதுதான்.

தோழர்களே, பதில் தெரியும் நேரமும் அதைச் சொல்லும் நேரமும் ஒன்றல்ல. நான் அங்கேயே “இதுதான் சார்” என்றிருந்தால் நாலு ஆட்கள் பாய்ந்து தூக்கியிருப்பார்கள். வரிசை கலைந்திருக்கும். கலைந்த வரிசையைத் திரும்பச் சேர்க்க எந்தச் சாந்தாலும் முடியாது.

“ஒரு மணி நேரம் குடுங்க சார். கால் முளைக்கல. உள்ளதான் இருக்கு” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

நான் அந்த அம்மாளிடம் போனேன். பெயர் பிலோமினா.

“அக்கா, இது ஆபீஸ் கல்லு.”

“ஆபீசே நம்ம துட்டுல கட்னதுதான? கல்லு மட்டும் இன்னா ஒங்க வூட்டுதா?”

“இல்லக்கா, இதுல எழுத்து இருக்கு.”

“தெர்யும். பட்ச்ச கல்லாச்சேன்னுதான் மரியாதியா கவுத்துப் போட்டேன். எழுத்து மேல எவனும் மிதிக்கக் கூடாது பாரு.”

“இவ்ளோ கல்லு கெடக்கே, இத ஏன்க்கா எடுத்தீங்க? எப்படித் தூக்கினீங்க?”

“மச்சான் மீன்பாடி வண்டில வெச்சி இட்டுகினு வந்தான்.” அதனால்தான் கல்லில் அந்த வாசனை. “கேளு மேடம். மொத நாளு செங்கல்லு வெச்சேன். ஒதச்சித் தள்ளிட்டானுங்கோ. கடசில போய் நின்னேன், என் மொற வர்சொல்ல மூடிட்டாங்கோ. அடுத்த நாளு உன் சிமிட்டிக் கட்டி வெச்சேன். அதயும் உருட்டி வுட்டானுங்கோ. இன்னிக்கி வெச்சேன் பாரு ஒண்ணு! எவனாவது ஒதைக்கட்டும். ஒருத்தன் ஒதச்சான். அதோ நிக்கிறான் பாரு, நொண்டிகினு.”

வரிசையின் பின்னால் ஒரு ஆள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தார்.

“அப்படி என்ன சர்டிபிகேட்டுக்கா?”

அவர் குரல் இறங்கியது. “என் பொண்ணுக்கு. மொதல் பட்டதாரி சர்டிபிகேட்டு. நாளிக்கி காத்தால காலேஜ்ல குட்தா பீஸு கொறயும். இல்லாங்காட்டி நம்மால ஆவாது. என்னமோ மெக்காட்ரானிக்ஸாம். மெக்கானிக்கு இல்லியாம், அத்தவிட ஒசத்தியாம். எங்க வூட்ல எவனும் காலேஜு கேட்டு தாண்டி உள்ள போனது கெடயாது மேடம், மீன் குடுக்கப் போனதத் தவிர.”

எனக்கு ஒரு சுலபமான வழி தோன்றியது. “நான் உள்ள போய் சொல்றேன்க்கா. முதல்ல உங்களுத முடிச்சிக் குடுத்துடுவாங்க.”

நான் சொல்லி முடிப்பதற்குள் வரிசை கொதித்தது. எல்லாக் குரலையும் அமர்த்திவிட்டு முன்வந்தவர், ஹெல்மெட்டை வரிசையில் வைத்திருந்த துறைமுகத் தொழிலாளி. இந்த வரிசைக்கு அவர்தான் உச்ச நீதிமன்றம். ஆனால் அவர் பேசுவதற்கு முன் பிலோமினாவே மறுத்துவிட்டார்.

“அந்தப் பேச்சே வேணாம். பின்னாடி வழியா வாங்கினு போனா, நாளிக்கி இவங்கோ மூஞ்சில எப்டி முழிக்கிறது? என்னாண்டதான் கருவாடு வாங்குறாங்கோ.”

“அப்ப வேற கல்லு வெச்சிக்கோங்க.”

“அது நடக்காது மேடம்” என்றார் ஹெல்மெட். “கல்லு எட்த்தா எடம் போச்சு. ரூல்ஸு அதான். இன்னிக்கி இவங்களுக்கு மாத்தினா நாளிக்கி எல்லாரும் மாத்துவான்.”

“ஆள் நின்னா?”

அவர் யோசித்தார். வரிசை அவர் முகத்தையே பார்த்தது. “கல்லுக்கு பதிலு ஆளு நிக்கலாம். ஆனா கல்லு மாரி நிக்கணும். நவுரக் கூடாது. போனு பேசிகினே அந்தாண்ட போனா, பின்னாடி கீறவங்கோ தள்ளிகினு போய்கினே இருப்பாங்கோ.”

பிலோமினா துறைமுகத்துப் பக்கம் வானத்தைப் பார்த்தார். கிரேன்களுக்கு மேல் கறுப்பாக ஏதோ திரண்டுகொண்டிருந்தது. “எனக்கு நிக்க டைம் இல்ல. சரக்கு மணல்ல காயுது. வாரிப் போட்டுட்டு, பொண்ணையும் இட்டுகினு வர்ணும், கையெழுத்து அவதான் போடணுமாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீதான கல்ல எட்த்துகினு போற? அப்போ நீயே நில்லு.”

“நானா?”

“வேற யாரு, உன் ஷூவா?”

நின்றேன். நாலு பேர் கல்லைத் தூக்க, அது இருந்த ஈரமான சதுரத்தில் என் இரண்டு கால்களையும் வைத்தேன். பிலோமினா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

கல்லாக இருப்பது பற்றி எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. ஒன்றரை ஆண்டாக அந்தக் கட்டடத்தைச் சுற்றிச்சுற்றி ஓடியவள் நான். நின்றபோதுதான் அது என்னைப் பார்த்தது. வரிசையின் இடத்தில் நிழலே இல்லை என்று தெரிந்தது. சக்கர நாற்காலிக்காக நான் போட்ட சாய்தளம் நேராக வந்து வரிசையின் இடுப்பில் முட்டுகிறது என்று தெரிந்தது. பிறகு மழை தூறியது. நான் வடிவமைத்த புது சன்ஷேடின் விளிம்பிலிருந்து தண்ணீர், குறிபார்த்ததுபோல, ஒவ்வொருவர் பிடரியிலும் சொட்டியது. என் பிடரியிலும். ஹெல்மெட்காரர் மட்டும் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அதன் இடத்தில் தான் நின்றார்.

“யாரு மேடம் கட்னது இந்த சன்ஷேடு? கலீஜா கீது” என்றார்.

“தெரியலண்ணா” என்றேன். கல் பொய் சொல்லலாமா கூடாதா என்று ரூல்ஸ் எதுவும் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்தது. நகர்ந்தபோது நானும் கல்லைத் தள்ளுவதுபோல என்னைத் தள்ளிக்கொண்டேன். வாசலிலிருந்து கொத்தனார் கூவினார்.

“மேடம்! கல்லு எந்தப் பக்கம் மேல?”

“எழுத்தப் பார்த்து வைங்க!”

“இங்கிலீசுல கீது மேடம்!”

“பெரிய எழுத்து மேல!”

“ரெண்டு பக்கமும் பெருசாத்தான் கீது!”

“பூ போட்டிருக்கும் பாருங்க, அது மேல!”

“ரெண்டு பக்கமும் பூ கீது மேடம்!”

எட்டிப் பார்த்தேன். தூண் மறைத்தது. ஒரு அடி பக்கவாட்டில் வைத்தால் தெரியும். ஹெல்மெட்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்குத் தோணுற மாதிரி வைங்க” என்று கத்தினேன். என் பணிக்காலத்தில் நான் கொடுத்த மிக மோசமான உத்தரவு அது.

பெரிய சார் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். வாசலில் கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அருகில் போனார். தலையை வலப்பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். காது தோளில் படும்வரை சாய்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

“என்னம்மா இது, கல்லு தலைகீழா இருக்கு! சாந்து இறுகறதுக்குள்ள வாங்க! அங்க என்ன பண்றீங்க?”

“வர முடியாது சார்.”

“ஏன்?”

“நான் இப்ப கல்லு சார்.”

அவர் மழையில் நடந்து வந்தார். மூன்று வாக்கியத்தில் சொன்னேன்: அவர் ஏறி நின்றதுதான் அந்தக் கல், அதன் சொந்தக்காரர் இன்னும் வரவில்லை, நான் நகர்ந்தால் ஒரு பெண்ணின் படிப்பு போகும். எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். அந்தப் பக்கம் சாந்து இறுகிக்கொண்டிருந்தது. நாளைக்கு அமைச்சர். என்னை உத்தரவிட்டு இழுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. அதற்கு நான் கீழ்ப்படிவேனா என்று எனக்கே தெரியாது. இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அவர் உத்தரவிடவில்லை. ஹெல்மெட்காரரைப் பார்த்தார்.

“ஆளு மாத்தலாமா?”

“மாத்திக்கலாம் சார். எடம் காலியா இருக்கக் கூடாது, அவ்ளோதான்.”

பெரிய சார் பெருமூச்சு விட்டார். பேண்ட்டைச் சற்று மடித்துவிட்டுக்கொண்டார். என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வெளியே குதித்து ஓடினேன்.

கல்லைக் கழற்றித் திருப்பி வைத்து, மட்டம் பார்த்து, ஆப்பு வைத்து நிமிரும்போது கவுண்ட்டரில் “அடுத்து!” என்ற குரல். பெரிய சார் ஜன்னல் முன்னால். உள்ளே இருந்த எழுத்தர் அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“சார், நீங்களா! உள்ள வாங்க சார், என்ன சர்டிபிகேட் சார்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் வெறும் கல்லு. ஆள் வந்துகிட்டு இருக்காங்க.”

“ரூல்ஸுப்படி, மொற வர்சொல்ல ஆளு இல்லேன்னா கல்ல ஒதச்சித் தள்ளலாம்” என்றார் ஹெல்மெட், வருத்தமான குரலில். சட்டம் சட்டம்தானே.

எல்லோரும் நொண்டிக்கொண்டிருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு வேணாம்பா” என்றார் அவர். “காத்தாலயே ஒண்ணு ஒதச்சாச்சு.”

வேறு யாரும் முன்வரவில்லை. பெரிய சாரின் பிடரியில் சன்ஷேடு சொட்டியது. அவர் நகரவில்லை. அப்போது கேட் பக்கம் யாரோ ஓடிவரும் சத்தம். நனைந்த சேலை, மணல் ஒட்டிய கால், பின்னால் துப்பட்டாவுக்குள் ஃபைலை மறைத்துக்கொண்டு மகள். பிலோமினா நேராக வந்து பெரிய சாரின் எதிரில் நின்றார்.

“யோவ் ஷூ! என் எடத்துல நீ எதுக்குயா நிக்கிற? எங்க என் கல்லு?”

“நான்தாம்மா உங்க கல்லு” என்றார் பெரிய சார், மிகுந்த பணிவோடு. “வாங்க, உங்க முறைதான்.”

மகள் கையெழுத்துப் போட்டாள். அன்று சர்வர்கூட வேலை செய்தது.

மறுநாள் அமைச்சர் திரையை விலக்கிவிட்டுப் பழைய கல்லின் அருகே போய் மூக்கை உறிஞ்சி, “கடல்காத்து நல்லா வருதே” என்றார். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம். அந்த வாரமே முற்றத்தில் ஒரு தகரப் பந்தலும் நீள பெஞ்சும் போட அனுமதி கேட்டோம். கேட்ட வேகத்தில் கிடைத்தது. அதன் பிறகு எந்தப் புது வரைபடத்தை விரித்தாலும் பெரிய சார் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்கமாட்டார். “வரிசை எங்கம்மா நிக்கும்?” என்பார். பதில் இல்லாத வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். உங்களுக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டுமானால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கையேடு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கருவாடு மணக்கும்போது எனக்கு வருவது பெரிய சாரின் கேள்வி அல்ல. அன்று மதியம், மழை விட்டபின், பிலோமினா வாசல்வழியாக வெளியே போன காட்சிதான். மகள் சான்றிதழைக் காற்றில் விசிறிக் காயவைத்துக்கொண்டே நடந்தாள். பிலோமினா வலப்பக்கச் சுவரின் முன்னால் நின்று, ஈரக் கல்லில் உள்ளங்கையை வைத்து, தன் பலமெல்லாம் கூட்டி ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்.

“நல்லா ஒட்டிகினு கீதா மேடம்?”

“ஒட்டியாச்சுக்கா.”

“எவனாலயும் ஒதச்சித் தள்ள முடியாதே?”

“முடியாதுக்கா.”

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“கேட்டுகினியா? நட.”